கோயில் நின்ற நிலம்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாலிங்கிலிருந்து கோல கெட்டில் போகும் சாலையில், தோட்டங்களுக்குள் பிரியும் முனைகளில் அங்கங்கே ‘குயில்’ என்று மலாயில் எழுதிய கைகாட்டிப் பலகை நிற்கும். பள்ளிக்கூடப் பேருந்தில் போன வயதில் அதைப் பறவை என்றே நினைத்திருந்தேன். நம் ‘கோயில்’தான் மலாயில் குயிலாகிவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. கப்பல், கடை, பெட்டி மூன்றும் அதே வழியில் போய், கப்பால், கெடாய், பெத்தி என்று அங்கே நிலைத்துவிட்டன. எல்லாம் ஒரே காலத்தில் போனவை அல்ல. ஆனாலும் இந்தச் சொற்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தால், கடல் கடந்து வந்த நம் முன்னோர் இங்கே என்ன செய்தார்கள் என்பது ஓரளவு விளங்கும். கப்பலில் வந்தார்கள், கடை போட்டார்கள், கோயில் எழுப்பினார்கள். நகரம் எழுப்பினார்களா என்பதில்தான் இன்றுவரை சண்டை.

தமிழிலேயே கோயில், நகரம் என்ற இந்த இரண்டு சொற்களும் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன. சங்கப் பாடல்களில் ‘நகர்’ என்ற சொல் பேரூரை மட்டும் குறிக்கவில்லை. மாளிகை, அரண்மனை, தெய்வம் உறையும் இடம் என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. ‘கோயில்’ என்றால் கோவின் இல்லம், அதாவது அரசன் வீடு. அது கடவுள் வீடாக மாறியது பிற்பாடு. சோழர் கல்வெட்டுகளுக்கு வந்தால் ‘நகரம்’ என்பது வணிகர் சபையின் பெயர். ஊருக்கு ‘ஊர்’, பிராமணர் குடியிருப்புக்கு ‘சபை’, வணிகருக்கு ‘நகரம்’ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டம் இருந்தது. அரசன், கடவுள், வணிகன் மூவரும் இரண்டே சொற்களுக்குள் மாறி மாறிக் குடியிருந்திருக்கிறார்கள். பண்டைய உலகில் நகரத்துக்கும் கோயிலுக்கும் என்ன உறவு என்று கேட்பவர்கள் இந்த அகராதி நெரிசலில் இருந்தே தொடங்கலாம்.

ஆய்வாளர்கள் வேறு இடங்களில் இருந்து தொடங்கினார்கள். பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஃபுஸ்தெல் தெ கூலாஞ்ச் 1864இல் வெளியிட்ட நூலில், கிரேக்க, ரோமானிய நகரங்கள் பொது வழிபாட்டில் பிறந்தவை என்றார். வீட்டு அடுப்பு குடும்பத்தைக் கட்டியது போல ஊரின் பொது நெருப்பு நகரத்தைக் கட்டியது என்பது அவர் வாதம். அடுத்து மெசப்பொத்தேமியக் களிமண் பலகைகள் வாசிக்கப்பட்டன. லகாஷ் நாட்டுக் கோயிலின் கணக்கேடுகளைப் படித்த ஆன்டன் டைமல் என்ற பாதிரியார், நிலம், கூலி, கால்நடை, மீன்பிடி எல்லாம் கோயில் கையில் இருந்தன என்று முடிவு கட்டினார். 1920களில் ‘கோயில் அரசு’ என்ற கொள்கை இப்படித்தான் நிலைத்தது. சில பத்தாண்டுகள் கழித்து ரஷ்ய அறிஞர் தியாக்கோனோவ் அதே ஏடுகளைத் திரும்பக் கணக்குப் போட்டு, கோயில் நிலம் நாட்டின் மொத்த நிலத்தில் ஒரு பகுதிதான், மீதி குடும்பங்களின் கையில் இருந்தது என்று காட்டினார். டைமலிடம் இருந்தது ஒரு கோயிலின் கணக்குப் புத்தகம். அதை வைத்து ஊர் முழுவதையும் அளந்தால் ஊரே கோயிலாகத்தான் தெரியும்.

இன்னொரு பக்கம், கோயிலே தெரியாத நகரங்களும் உண்டு. மொகஞ்சதாரோவில் வடிகால் இருக்கிறது, பெருங்குளம் இருக்கிறது. கோயில் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கட்டடம் இல்லை. உச்சிமேட்டில் நிற்கும் ஸ்தூபி குஷாணர் காலத்தது, நகரம் அழிந்து இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிறகு வந்தது. கீழடியிலும் உறைகிணறும் செங்கல் சுவரும் கிடைத்த அளவுக்கு வழிபாட்டுக் கட்டடம் கிடைக்கவில்லை. இதற்கு நேர்மாறாகத் துருக்கியின் கோபெக்லி தெபேயில், பதினோராயிரம் ஆண்டுகளுக்கு முன், உழவும் நகரமும் தோன்றாத காலத்திலேயே ஆளைவிட உயரமான கல்தூண்களை வட்டமாக நட்டிருக்கிறார்கள். ஆகவே எது முதல் என்ற கேள்விக்கு உலகம் முழுவதற்கும் பொருந்தும் ஒரு விடை கிடையாது.

அப்படி ஒரு விடை உண்டு என்று துணிந்து சொன்னவர் பால் வீட்லி. 1971இல் வந்த பெரிய நூலில், மெசப்பொத்தேமியா, எகிப்து, சிந்துவெளி, வடசீனம், மெக்சிகோ, ஆண்டிஸ், நைஜீரியாவின் யொருபா நாடு ஆகிய ஏழு இடங்களிலும் நகரம் முதலில் சடங்கு மையமாகவே முளைத்தது என்று வாதாடினார். சந்தையும் கோட்டையும் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை. நம் பக்கத்து வாசகருக்கு இதில் ஒரு சுவையான செய்தி இருக்கிறது. அதே வீட்லி 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். சீன, அரபு, இந்திய, கிரேக்கச் சான்றுகளைத் திரட்டி மலாய்த் தீபகற்பத்தின் பழைய புவியியலை எழுதி 1961இல் வெளியிட்டவர். கடாரம் எங்கே, காழகம் எங்கே, அரபியர் சொன்ன கலா எங்கே என்று தேடியவர் பிறகு உலக நகரங்களின் தொடக்கத்துக்குப் போனார். ஆனால் அவர் கொள்கையைச் சோதிக்க மிகச் சங்கடமான இடம், அவர் முதலில் நின்ற இடமேதான். கடாரத்தில், அதாவது இன்றைய கெடாவில், கோயில்கள் இருக்கின்றன. நகரம் இன்னும் கண்ணில் படவில்லை.

பாலிங்கில் காலையில் கிளம்பினால், கோல கெட்டில், சுங்கை பட்டாணி, பீடோங் தாண்டி மதியத்துக்கு வெகு முன்பே மெர்போக் போய்விடலாம். நெடுந்தூரம் முன்பிருந்தே ஜெராய் மலை தெரிய ஆரம்பிக்கும். ஆயிரத்து இருநூறு மீட்டர் என்பது பெரிய உயரமல்ல, ஆனால் கடலோரச் சமவெளியில் தனியாக எழுந்து நிற்பதால் வங்கக் கடலில் வரும் மாலுமிக்கு அதுவே அடையாளம். மலைக்கும் தெற்கே மூடா ஆற்றுக்கும் இடையில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு. இங்கே பழங்கோயில்கள் எழுந்த காலத்தில் கடல் இன்னும் உள்ளே இருந்தது. இப்போது நெல் விளையும் பல இடங்கள் அப்போது கப்பல் நிற்கும் கழிமுகம்.

பாலிங் இந்தப் படத்தில் ஓரத்தில் இருக்கிறது. கெட்டில் ஆறு மூடாவில் கலக்கிறது, மூடா கடலில் கலக்கிறது. மலைக்காட்டுப் பிசினும் அகிலும் தகரமும் ஆற்றோடு இறங்கித் துறைமுகத்துக்குப் போக இதைவிட நல்ல வழி கிடையாது. ஆற்றில் மேலேறி, மலை தாண்டி, கிழக்குக் கரைப் பட்டாணிக்கு இறங்கும் தரைவழியைப் பற்றியும் ஆய்வாளர்கள் பேசியிருக்கிறார்கள். கெடாவின் பழங்கதையான மேரோங் மகாவங்சத்திலும் இந்தப் பக்கம் காடாகத்தான் வருகிறது. கோரைப்பல் முளைத்து, மனித ரத்தம் கேட்ட ராஜா பெர்சியோங் தலைநகரை விட்டு ஓடிவந்து, பல்லைப் பிடுங்கி வீசிய இடமாம் இது. மலாயில் பாலிங் என்றால் வீசி எறிதல். நகரத்தில் வாழ முடியாதவன் வந்து ஒளியும் உள்நாடு, நம் ஊர்.

மெர்போக்கில் அருங்காட்சியகத்துக்குப் பின்னால் ஏறினால் புக்கிட் பத்து பாகாட் சண்டி. சண்டி என்பது இங்கே பழங்கோயிலுக்குப் பெயர். பத்து பாகாட் என்றால் உளியால் செதுக்கிய கல். கோயிலை மறந்த பிறகும் கல்லை யாரோ செதுக்கியிருக்கிறார்கள் என்பதை ஊர்க்காரர்கள் மறக்கவில்லை, பெயரிலேயே வைத்திருந்தார்கள். ஓடைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். மேலே ஏறி நின்றால் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். தஞ்சாவூரைப் பார்த்த கண்ணுக்கு இது இடுப்பளவு மேடை. ஆற்றுக் கருங்கல்லை அடுக்கிக் கட்டிய ஒரு சதுர விமான அடித்தளம், அதோடு ஒட்டிய மண்டபம், ஏறிவரப் படி. சிற்பம் இல்லை, கோபுரம் இல்லை. குனிந்து மண்டபத் தரையைப் பாருங்கள். வரிசையாகத் தூண் அடிக்கற்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குழி. மரத்தூண் நட்ட குழி. மேலே இருந்த எல்லாமே மரம், ஓலை, ஓடு போன்றவை. மழை பெய்யும் இந்த ஊரில் அவை எத்தனை ஆண்டு நிற்கும்?

1959–60இல் அலஸ்டேர் லாம்ப் இதை முறையாகத் தோண்டி எடுத்துத் திரும்ப அடுக்கியபோது, அடித்தளத்துக்குள் புதைத்த கல் பேழைகள் கிடைத்தன. குழிவு குடைந்து, சிறு செம்புக் கலமும் மணிக்கற்களும் பொன் தகடும் வைத்து மூடியவை. ஆகமம் தெரிந்தவர்கள் உடனே கர்ப்பநியாசம் என்பார்கள், கட்டடத்தின் அடியில் பொருள் புதைக்கும் சடங்கு. கட்டடம் சிறியதாக இருந்தாலும் சடங்கில் குறை வைக்கவில்லை. முறை தெரிந்த ஒருவர் கூடவே இருந்திருக்கிறார்.

இந்தப் பள்ளத்தாக்கை ஆராய்ந்தவர்களின் கதையே நம் கேள்வியின் கதையும்கூட. ஜேம்ஸ் லோ என்ற கிழக்கிந்தியக் கும்பெனி அதிகாரி 1830களில் செபராங் பிறையில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். ஸ்தூபியின் உருவமும் ஐந்தாம் நூற்றாண்டு எழுத்தும் கொண்ட அந்தக் கல், ரக்தமிருத்திகாவைச் சேர்ந்த மகாநாவிகன் புத்தகுப்தன் தன் பயணம் நலமாக முடிய வேண்டிக்கொண்டதைச் சொல்கிறது. ஊர் வங்காளம், ஆள் கப்பல் தலைவன், வேண்டுதல் போய்ச் சேர வேண்டும் என்பது. 1936 முதல் குவாரிட்ச் வேல்ஸும் அவர் மனைவி டோரதியும் முப்பது இடங்கள் வரை தோண்டினார்கள். அவர்கள் முடிவு, இது இந்தியக் குடியேற்றம் என்பது. அந்தக் காலத்து ஆங்கிலேயருக்கு ஒரு நாடு கடல் தாண்டி இன்னொரு நாட்டில் காலனி அமைப்பது இயல்பாகத் தெரிந்திருக்கும். பிறகு வந்த மலேசிய ஆய்வாளர்கள் இதைத் திருப்பிப் போட்டார்கள். ஏற்கெனவே இங்கே வாழ்ந்த மக்கள் இரும்பு உருக்கினார்கள், கடலோடினார்கள், வந்த சமயத்தைத் தங்கள் தேவைக்கு ஏற்ப எடுத்துக்கொண்டார்கள் என்றார்கள். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 2009 முதல் சுங்கை பத்துவில் நடத்திய அகழாய்வு இதற்கு வலு சேர்த்தது. செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே இரும்பு உலைகளும் துருத்தி முனைகளும் குவியல் குவியலாகக் கிடைத்தன. பழைய ஆற்றங்கரையில் படகுத்துறைகளும், வட்டமான செங்கல் தளத்தின் மேல் சதுரமாக எழுந்த ஒரு வழிபாட்டுக் கட்டடமும் வெளிப்பட்டன. அதன் காலம் கிபி இரண்டாம் நூற்றாண்டு என்று அறிவித்தார்கள். பிறகு கிமு ஐந்தாம் நூற்றாண்டுக்கும் அப்பால் போகும் காலக்கணிப்பும் வந்தது. அதை எல்லோரும் ஏற்கவில்லை, எனக்கும் தயக்கம்தான்.

பிரெஞ்சு ஆய்வாளர் மிஷெல் ஜாக்-எர்குவால்க் இடையில் ஒரு வழி சொன்னார். தெற்குக் கெடா சரக்கு மாற்றும் துறைமுகம். பருவக்காற்றுக்காகக் காத்திருந்த வணிகர்கள் தங்கள் வழிபாட்டுக்குக் கட்டிக்கொண்டவையே இந்தச் சிறு கோயில்கள். உள்ளூர் அரசன் இடம் கொடுத்தான், வரி வாங்கினான். மூன்று வாதங்களில் எனக்கு இதுவே பொருத்தமாகப் படுகிறது. ஆனால் சுங்கை பத்து உலைகளை வணிகர் வந்து மூட்டவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இப்போது சங்கடத்துக்கு வருவோம். பள்ளத்தாக்கில் ஐம்பதுக்கு மேற்பட்ட வழிபாட்டுக் கட்டட எச்சங்கள் பதிவாகியுள்ளன. சுங்கை மாஸ், பெங்காலான் பூஜாங் ஆகிய இடங்களில் மணிகளும் சோங் காலச் சீனப் பீங்கான் துண்டுகளும் மேற்காசியக் கண்ணாடிச் சில்லுகளும் கிடைத்தன. ஜெராய்க்கு வடக்கே புக்கிட் சோராஸில் அண்மையில் சுதையால் செய்த, ஆள் உயரப் புத்தர் உருவங்கள் வெளிப்பட்டன. இத்தனையும் இருந்தும் மதில் இல்லை, அரண்மனை இல்லை, தெருக்களின் கட்டமைப்பு இல்லை. ஆனால் ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி வேறு படம் தருகிறது. 1025ஆம் ஆண்டை ஒட்டிய படையெடுப்பில் கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைப் பிடித்ததைச் சொல்லும்போது, அவனுடைய அகநகரையும் அதன் வாசலில் நின்ற விச்சாதிரத் தோரணத்தையும் குவித்து வைத்த பெருநிதியையும் எடுத்துச் சொல்கிறது. கோயிலைப் பற்றி மூச்சு இல்லை. மண்ணில் கோயில் இருக்கிறது, நகரம் இல்லை. பாட்டில் நகரம் இருக்கிறது, கோயில் இல்லை. அந்தத் தோரணம் நம் கெடாவில் நின்றதா, சுமத்திராவின் ஸ்ரீவிசயத்தில் நின்றதா என்பது வேறு வழக்கு.

மரத்தால் கட்டிய நகரம் மக்கிப் போயிருக்கும் என்பது எளிய விளக்கம். அது சரிதான். ஆனால் கோயிலும் பாதி மரம்தானே? தமிழ்நாட்டில் செங்கல்லும் மரமுமாக இருந்த கோயில்களைப் பிற்காலத்தார் கற்றளியாக மாற்றினார்கள், பல்லவர் கட்டியதைச் சோழர் விரித்தார்கள், சோழர் கட்டியதை நாயக்கர் சுற்றினார்கள். மதுரையும் திருவரங்கமும் அப்படித்தான் தெருமேல் தெருவாகக் கோயிலைச் சுற்றி வளர்ந்தன. கடாரத்தில் யாரும் எதையும் திரும்பக் கட்டவில்லை. ஏன்?

என் பதில், நிலம்.

தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1010இல் கட்டி முடித்ததும் ராஜராஜன் செய்த வேலை, அதற்கு ஊர் ஊராக நிலத்தை எழுதிவைத்தது. நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் ஆடல் மகளிரை, பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்து, தெருவில் ஆளுக்கு ஒரு வீடும் பங்கும் கொடுத்தான். ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு நூறு கலம் நெல். கோயில் காசைக் கிராம சபைகள் கடன் வாங்கி, காசுக்கு அரைக்கால் காசு வட்டி கட்டின. அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. சுற்றியுள்ள நாட்டின் விளைச்சல் வட்டியாகவும் வரியாகவும் நகருக்குள் வந்து, அங்கே குயவருக்கும் தச்சருக்கும் கூத்தருக்கும் கூலியாகப் பிரிந்தது. கோயில் நகரத்தின் நடுவில் நின்றது என்பதைவிட, நாட்டுப்புறத்து நெல்லை நகரத்துக்கு இழுத்துவந்த கருவி அதுவே என்பது சரி. ஏதென்ஸும் ஏறக்குறைய அப்படித்தான். பார்த்தினோன் கோயிலில் ஏதெனா சிலைமேல் போர்த்திய தங்கத்தை, போர் நெருக்கடியில் கழற்றிச் செலவழிக்கலாம் என்று பெரிக்ளிஸ் கணக்குச் சொல்கிறார். தஞ்சைக்கு நெல் வந்த வழியை வரலாற்றாசிரியர் சம்பகலட்சுமி போன்றவர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள், அதற்குள் நான் போகவில்லை.

நிலம் கட்டிய கோயில், அரசன் போன பிறகும் நிற்கும். கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திரன் அரண்மனை இன்று மாளிகைமேட்டில் தோண்டினால் தெரியும் செங்கல் வரிசை. கோயில் நிற்கிறது. அதன் சுற்றுமதில் கல்லைக்கூட 1836இல் கொள்ளிடத்துக் கீழணைக்குப் பெயர்த்துப் போனார்கள். ஆனால் விமானம் தப்பி நின்றது.

கடாரத்து அரசர்களுக்கு இந்த நுட்பம் நன்றாகத் தெரியும். அதற்கான சான்று கெடாவில் இல்லை, நாகப்பட்டினத்தில் இருக்கிறது. ராஜராஜன் காலத்தில் சூளாமணிவர்மன் என்ற கடாரத்தரையன் நாகையில் பௌத்தப் பள்ளி ஒன்றை எடுக்கத் தொடங்கினான். அதை மகன் முடித்தான். சூளாமணி விகாரம் என்று பெயர். அதற்கு 1006ஆம் ஆண்டை ஒட்டி ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாய் எழுதிவைக்கப்பட்டது. 97 வேலிக்குச் சற்று மேற்பட்ட நிலம், ஆண்டுக்கு 8,943 கலம் நெல். லெய்டன் செப்பேடுகள் என்று நாம் சொல்லும் ஏடுகள் இந்தக் கணக்கைத்தான் சுமக்கின்றன. தன் நாட்டில் ஆற்றங்கரையில் மரக்கூரை போதும் என்றிருந்த அரசன், கடல் தாண்டிச் சோழனிடம் நெல் விளையும் ஊரைக் கேட்டு வாங்குகிறான். தன் வணிகர் போய்த் தங்கும் துறையில் தன் பெயர் நிற்க வேண்டுமானால் அங்கே வயல் வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நாகைச் சிவன் கோயிலுக்கும் அவன் ஆட்கள் சீனக் கனகம் கொடுத்த கல்வெட்டு உண்டு. அந்த விகாரம் கடாரம் மறைந்து பல நூற்றாண்டு கழிந்தும் இடிபாடாக நின்றது. 1867இல் இடித்தார்கள்.

கடலோடிகளின் கோயில்கள் எல்லாமே இப்படிப் பலவீனமானவையா? தாய்லாந்தின் தகுவாபாவில் மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவின் காவலில் விட்ட அவனிநாரணம் என்ற குளத்தைப் பற்றிய தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. சுமத்திராவின் பாரூசில் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவின் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. சீனத்துச் சுவான்சௌவில் 1281இல் சிவனை எழுந்தருளச் செய்த தமிழ்க் கல்வெட்டும் உண்டு. மூன்றிலும் இன்று எஞ்சியிருப்பது கல்தான், கோயிலும் இல்லை, கோயிலைச் சுற்றிய குடியும் இல்லை. வணிகன் கோயிலுக்கு மூலதனம் அவன் கப்பல். கப்பல் வேறு துறைக்குத் திரும்பினால் விளக்குக்கு எண்ணெய் கிடையாது. தஞ்சாவூரில் ஒரு விளக்குக்கு 96 ஆடு விட்டு, சாவா மூவாப் பேராடு என்று எழுதிவைத்தார்கள். ஆடு குட்டி போடும், பீங்கான் போடாது.

கடாரம் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்ய ஆசைப்படுபவர்கள் பள்ளத்தாக்கில் நிற்பதைவிடக் கடல் தாண்டிப் பினாங்குக்குப் போகலாம். ஜார்ஜ் டவுனின் பழைய பிட் தெருவில் நடந்தால், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், குவான் யின் கோயில், செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், ஒட்டிய குவீன் தெருவில் மகாமாரியம்மன் கோயில், எல்லாம் சில நூறு மீட்டருக்குள். யாருடைய கோயிலும் நகரத்தின் நடுவில் இல்லை, எல்லோருடையதும் துறைமுகத்தின் அருகில். பூஜாங்கில் சைவமும் பௌத்தமும் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பதற்கு இதைவிடத் தெளிவான உரை வேண்டாம். ஒரு வேறுபாடு உண்டு. 1801இல் மாரியம்மன் கோயில் மனையைத் தமிழர் கப்பித்தானாக இருந்த பெத்தி லிங்கம் செட்டி பெயருக்குக் கும்பெனி அரசாங்கம் எழுதிக் கொடுத்தது. கோயில் 1833இல் எழுந்தது. எழுத்து இருந்தது, கோயிலும் இருக்கிறது.

கடாரத்தின் முடிவு படிப்படியாக வந்தது. கழிமுகங்கள் வண்டலில் தூர்ந்தன, பதினைந்தாம் நூற்றாண்டில் மலாக்கா எழுந்தது, அரச குடும்பம் இஸ்லாத்தைத் தழுவியது. 1735இல் சுல்தான் முகமது ஜீவா அலோர் ஸ்டாரை நிறுவினார். அங்கே அரண்மனை மண்டபமும் எதிரே 1912இல் கட்டி முடித்த சாகிர் பள்ளிவாசலும் நெல்வயல் நாட்டுக்கு நடுவில் நிற்கின்றன. நிலம், அரசன், வழிபாடு மூன்றும் சேர்ந்த அந்த நகரம் இன்றும் மாநிலத் தலைநகர். பண்டைய வாய்பாடு பொய்க்கவில்லை, கடாரத்தில்தான் அதன் ஒரு கால் ஊன்றவில்லை.

இதையெல்லாம் ஒரு பாலிங்காரன் எழுதுவதற்குக் காரணம் பழமை ஆசை மட்டும் இல்லை. 1909இல் கெடா சயாமிடமிருந்து பிரிட்டிஷ் கைக்கு மாறிய பிறகு, ரப்பர்த் தோட்டங்கள் வேகமாகப் பெருகின. கங்காணி கூட்டிவந்த நம்மவர்கள் பினாங்கில் இறங்கி, பீடோங், கூலிம், கோல கெட்டில் தோட்டங்களில் லயன் வீடுகளுக்கு வந்தார்கள். தோட்டம் ஒரு சிறு நகரம்தான். பெரட்டுக் களம், ஆபீஸ், பால் ஸ்டோர், ஆயாக் கொட்டகை, கள்ளுக்கடை, தமிழ்ப்பள்ளி, கோயில். பண்டைய நகரங்களில் மேட்டில் யார் இருக்கிறார் என்று பார்த்தால் ஆட்சி யாருடையது என்று தெரியும். மெசப்பொத்தேமியாவின் ‘ஊர்’ என்ற நகரத்தில் சந்திரதேவன் நன்னாவின் கோயில் மேட்டில், ஏதென்ஸில் ஏதெனா மேட்டில். தோட்டத்தில் மேட்டில் துரை பங்களா, மாரியம்மா கீழே லயத்துப் பக்கம். ஆண்டுக்கொருமுறை திருவிழாவில் தீமிதி நாளன்று துரை கீழே இறங்கி வந்து மாலை வாங்கிக்கொள்வார். அன்று மட்டும் நகரத்தின் நடு, கோயிலுக்கு மாறும்.

அந்தக் கோயில்களைக் கட்டியது மாதச் சம்பளத்தில் பிடித்த சந்தா. நிலம் கம்பெனியுடையது. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியபோது இந்த வேறுபாடு முதன்முதலில் சுட்டது. வேலை போனது, லயன் போனது, கோயில் யாருடையது என்ற கேள்வி நின்றது. அமைச்சராக இருந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் சேர்த்த சிறுதொகைகளால் தோட்டங்களை வாங்கினார். அவர்கள் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம். சூளாமணிவர்மன் ஆனைமங்கலத்தைக் கேட்டதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே, நிற்க நிலம் வேண்டும் என்பது. ஆனால் வாங்க முடிந்த தோட்டங்களைவிடக் கைவிட்டுப் போனவை அதிகம்.

கோல கெட்டில் பக்கம் ஒரு பழைய பிரிவில் போன ஆண்டு நின்றேன். ரப்பர் போய்ச் செம்பனை வந்து இரண்டு தலைமுறை ஆகிறது. லயன் இருந்த இடத்தில் சிமெண்டுப் படிகளும் ஒரு பொதுக் குழாய் மேடையும் மட்டும். கோயில் இருந்தது. தகரக் கூரை, வெளியே சூலம், கதவில் புதுப் பூட்டு, பூட்டின் மேல் நேற்றுத் தடவிய சந்தனம். சுங்கை பட்டாணியிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து விளக்கேற்றிப் போகிறார் என்றார்கள். ஊர் இல்லாத கோயில். மரக்கூரை போய், தூண்குழி மட்டும் தெரியும் நாளில் அதுவும் ஒரு பத்து பாகாட்.

பத்து பாகாட்டுக்கு இன்று சட்டக் காவல் உண்டு. எல்லாச் சண்டிக்கும் இல்லை. 2013இன் இறுதியில், சுங்கை பத்துவை ஒட்டிய பதினொன்றாம் எண் சண்டியை நில மேம்பாட்டு வேலைக்காக எந்திரம் வைத்துத் தட்டிவிட்ட செய்தி வெளியானது. பூஜாங் பள்ளத்தாக்கைப் பற்றி நூல் எழுதிய வீ. நடராஜன் போன்றவர்கள் குரல் எழுப்பினார்கள், நாடு முழுக்கக் கொதித்தது. அதிகாரப்பூர்வமாக வந்த விளக்கம், அது தனியார் நிலம், தொல்லிடமாக அரசிதழில் பதிவாகவில்லை என்பது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பும் அந்தக் கோயிலுக்குத் தன் பெயரில் நிலம் இருந்ததாகத் தெரியவில்லை, 2013லும் இல்லை. சுபாங் ஜெயாவில் 2018இல் சீஃபீல்ட் மாரியம்மன் கோயிலை ஒட்டி எழுந்த கலவரத்துக்கும் வேர், பழைய தோட்ட நிலம் கைமாறியதில்தான் இருந்தது.

கோயில் நிர்வாகக் குழுவில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டுத் திருவிழாவுக்கு நோட்டீஸ் அடிப்பதற்கு முன், ஒரு நாள் மாவட்ட நில அலுவலகத்துக்குப் போய், உங்கள் கோயில் நிற்கும் மனையின் லாட் எண் என்ன, அது யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டு, எழுதி வாங்கி வையுங்கள்.